தமிழ் வலைப்பூவுக்கு வாசகரைச் சேர்ப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடுத்துக்காட்டுகள் ஒரே தளத்தைச் சுற்றி இருந்தால் புரிவது எளிது. அதனால் பெரும்பாலான இடங்களில் மாடித்தோட்டம் பற்றிய ஒரு தமிழ் வலைப்பூவை மனதில் வைத்தே விடை சொல்லியிருக்கிறோம். சமையல், கோலம், போட்டித் தேர்வு, சட்டம் என்று நீங்கள் எதை எழுதினாலும் வேலை முறை இதேதான்.

நன்றாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒரு நாளைக்கு இருபது பேர்கூட வருவதில்லை. எங்கே பிசகு?

பெரும்பாலும் எழுத்தில் பிசகு இருக்காது. 2004-இல் தமிழ்மணம் என்ற திரட்டி (பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் பட்டியலிடும் தளம்) வந்த பிறகு சில ஆண்டுகள், பதிவை வெளியிட்டு அதில் இணைத்தாலே வாசகர் வந்துவிடுவார். கூகுள் ரீடரில் சேர்த்துவைத்துப் படித்தவர்களும் நிறைய. அந்த ரீடரை 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடினார்கள். திரட்டிகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பதிவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அப்போது வேறு யாரோ செய்தார்கள்; இப்போது எழுதுபவர்தான் செய்ய வேண்டும்.

இன்றைக்கு வாசகர் மூன்று வழியாக வருகிறார். தேடி வருகிறார், யாரோ அனுப்பிய சுட்டியைத் தட்டி வருகிறார், முன்பே பிடித்துப்போய் நேராக வருகிறார். முதல் இரண்டு வழியில் வருபவரை மூன்றாவது வழிக்குக் கொண்டுவந்தால்தான் கூட்டம் நிலைக்கும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வேலைகள்தான்.

எதிலிருந்து தொடங்குவது?

கூகுள் சர்ச் கன்சோல். உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி. இலவசம். உங்கள் தளம் பிளாகரில் இருந்தால், அதே கூகுள் கணக்கில் நுழைந்து தள முகவரியைக் கொடுத்தால் போதும்; உரிமைச் சரிபார்ப்பு பெரும்பாலும் தானாக முடிந்துவிடும். சொந்த டொமைன் (நீங்களே வாங்கிய தள முகவரி) என்றால் 'டொமைன்' வகையைத் தேர்ந்து, அது தரும் டெக்ஸ்ட் பதிவை டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் (முகவரி அமைப்பு) பக்கத்தில் ஒட்டுங்கள். பிறகு 'சைட்மேப்ஸ்' பகுதியில் தளவரைபடத்தை, அதாவது உங்கள் பக்கங்களின் முகவரிப் பட்டியலை, சமர்ப்பியுங்கள். பிளாகரும் வேர்ட்பிரஸும் அதைத் தாமாகவே உருவாக்கி வைத்திருக்கும்.

இதை இன்றே செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் காட்டும். பின்னால் 'போன ஆடியில் என்ன தேடி வந்தார்கள்' என்று பார்க்க வேண்டுமானால், போன ஆடிக்கு முன்பே அதைப் பொருத்தியிருக்க வேண்டும்.

பதிவு கூகுளில் வரவே இல்லை. 'வந்து பார்த்தோம், பட்டியலில் சேர்க்கவில்லை' என்கிறது சர்ச் கன்சோல். ஏன்?

கூகுளின் நிரல் பக்கத்தைப் படித்துவிட்டது, ஆனால் வைத்துக்கொள்ளவில்லை என்று பொருள். பதிவு நாலு வரியில் முடிந்திருக்கலாம். அதே செய்தி வேறு பத்துத் தளங்களில் அதே சொற்களில் இருக்கலாம். உங்கள் தளத்திலேயே அதே பொருளில் இன்னொரு பதிவு இருக்கலாம். தளத்தின் வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பதிவுக்குச் சுட்டி இல்லாமல் அநாதையாகக் கிடக்கலாம்.

'இன்டெக்ஸ் செய்யக் கோருக' பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதில் பயனில்லை. பதிவில் புதிதாக ஏதாவது சேருங்கள்: நீங்களே எடுத்த படம், சரியான அளவு, தவறு நடக்கும் இடம். தொடர்புள்ள மூன்று பழைய பதிவுகளிலிருந்து சுட்டி கொடுங்கள். அதன் பிறகு ஒரே ஒரு முறை கோருங்கள்.

தலைப்பில் என்ன சொல் வைப்பது?

தேடுபவர் வாயில் வரும் சொல். மற்ற எல்லாவற்றையும்விட இது முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

'செம்பருத்தியின் சோகம்' என்ற தலைப்பை யாரும் தேட மாட்டார்கள். செடியைப் பார்த்துக் கவலைப்படுபவர் 'செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி' என்று அடிப்பார். அது மாவுப்பூச்சி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பாதித் தேடல் முடிந்திருக்கும். ஆகவே தலைப்பு 'செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூச்சியா? மாவுப்பூச்சியை விரட்டும் முறை' என்று இருக்கட்டும். அறிகுறி முன்னால், பெயர் பின்னால். தமிழ் எழுத்துகள் அகலமானவை. தேடல் பக்கத்தில் தலைப்பு சீக்கிரம் வெட்டுப்படும் என்பதால் முக்கியமான சொற்களை முதல் 5, 6 சொற்களுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்தது ஊர்ச்சொல். நிலக்கடலை, வேர்க்கடலை, விழுப்புரம் கடலூர்ப் பக்கம் மல்லாட்டை, இலங்கையில் கச்சான்: செடி ஒன்றுதான், தேடும் சொல் நான்கு. எலுமிச்சையை யாழ்ப்பாணத்தவர் தேசிக்காய் என்பார், பப்பாளியைப் பப்பாசி என்பார். தலைப்பில் பரவலான சொல்லை வைத்து, முதல் பத்தியிலேயே 'தேசிக்காய் என்றும் சொல்வார்கள்' என்று இயல்பாக ஒரு முறை எழுதுங்கள். எல்லாப் பெயர்களையும் பதிவின் அடியில் மூட்டையாகக் கொட்டுவது வேண்டாம். வாசகருக்கும் அது அசிங்கம், தேடுபொறியும் அதைத் திணிப்பாகத்தான் பார்க்கும்.

சொற்களைக் கண்டுபிடிக்கக் காசு கொடுத்துக் கருவி வாங்க வேண்டாம். கூகுளில் 'செம்பருத்தி செடி' என்று மட்டும் அடித்து நிறுத்துங்கள், கீழே விழும் பரிந்துரைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யூடியூபில் அதே சொல்லைப் போட்டு, அதிகம் பார்த்த காணொளிகளின் பின்னூட்டங்களைப் படியுங்கள். 'அக்கா, மொட்டு வருது, ஆனா விரியாம உதிருது' என்று அங்கே ஒருவர் கேட்டிருப்பார். அந்த வரியே ஒரு பதிவுக்கான தலைப்பு.

ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தேடுகிறார்களே, அவர்களுக்காகத் தனிப் பதிவு வேண்டுமா?

வேண்டாம். தங்கிலீஷில் கேட்டாலும் தமிழ்ப் பக்கத்தைக் கூகுள் பல நேரம் காட்டுகிறது. உங்கள் சர்ச் கன்சோல் பட்டியலிலேயே அத்தகைய தேடல்களைப் பார்க்கலாம். பக்க முகவரியிலும் படத்தின் கோப்புப் பெயரிலும் ஆங்கில எழுத்து வைத்தால் போதும். ஒரே பதிவைத் தமிழில் ஒன்று, தங்கிலீஷில் ஒன்று என்று இரண்டாக வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

பக்க முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமே?

தேடலுக்குத் தடை இல்லை. பகிரும்போதுதான் தொல்லை. 'மாவுப்பூச்சி' என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) அது 12 குறிகள், ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். இணைய முகவரியாக நகலெடுக்கும்போது ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாக விரியும். 12 × 3 × 3 = 108. ஒரே ஒரு சொல்லுக்கு 108 எழுத்து நீளம்! வாட்ஸ்அப்பில் அந்த வாலைப் பார்ப்பவர் ஏதோ வைரஸ் சுட்டி என்று நினைத்துத் தட்டாமல் விடுகிறார்.

வேர்ட்பிரஸில் முகவரியின் அந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம். அதாவது 22 தமிழ்க் குறிகளோடு தலைப்பு அறுந்துவிடும், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தேறாது. பிளாகரில் வேறு விதச் சிக்கல்: தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் 'பிளாக்-போஸ்ட்' என்பதோடு ஓர் எண்ணைச் சேர்த்து முகவரியாக்கிவிடும், பதிவின் பொருளே அதில் இருக்காது.

ஆகவே வெளியிடும் முன் 3 முதல் 5 சொற்களில் ஆங்கில எழுத்தில் முகவரி கொடுங்கள். பிளாகரில் வலப்பக்க அமைப்பில் 'பெர்மாலிங்க்' திறந்து 'கஸ்டம்' தேர்ந்தால் இடம் வரும். வெளியிட்டபின் மாற்ற வேண்டுமானால் பதிவை டிராஃப்டுக்குத் திருப்பித்தான் மாற்ற முடியும், பழைய சுட்டி செத்துவிடும். அமைப்புகளில் 'கஸ்டம் ரீடைரக்ட்ஸ்' போய்ப் பழையதிலிருந்து புதியதற்கு வழி போட்டுவிடுங்கள். நன்றாக வாசகர் வரும் பழைய பதிவின் முகவரியை மட்டும், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், தொடாதீர்கள்.

எழுத்துப்பிழை தேடலைக் கெடுக்குமா?

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் கெடுக்கும். 'கௌரி' என்று எழுத ஔகாரக் குறியை இடாமல், 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டினால் 'கெளரி' ஆகிறது. திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு அது வேறு சொல். துணைக்கால் விழ வேண்டிய இடத்தில் 'ர' விழுவதும் இப்படித்தான். பதிவு முழுவதையும் ஒரு முறை 'கண்டுபிடி' கட்டளையால் சோதித்துவிடுங்கள்.

பழைய பாமினி, டேப், டிஸ்கி எழுத்துருக்களில் அடித்த கட்டுரைகள் உங்களிடம் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே வெளியிடுங்கள். செய்முறையைப் படமாக மட்டும் போட்டுப் பதிவை முடிப்பதும் தவறு. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பித் தேடலில் இடம் பிடிக்க முடியாது.

எந்த மாதம் எதை வெளியிடுவது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பதிவருக்கும் பொருந்தும், ஆனால் விதைப்பு வைகாசியிலேயே நடக்க வேண்டும். ஆடி ஜூலை நடுவில் பிறக்கிறது. அந்த வாரம் 'ஆடிப்பட்டத்தில் என்ன விதைக்கலாம்' என்று வெளியிட்டால், கூகுள் அதைப் படித்து, இடம் கொடுத்து, வாசகர் வருவதற்குள் பட்டம் முடிந்துவிடும். 6 முதல் 8 வாரம் முன்னால் வெளியிடுங்கள். தலைப்பிலும் முகவரியிலும் ஆண்டு எண் வேண்டாம். அடுத்த ஆண்டு புதிதாக ஒன்று எழுதாமல் அதே பக்கத்தைத் திருத்தி வளர்த்தால், சேர்ந்த மதிப்பு அங்கேயே தங்கும். பொங்கல் கோலம், தீபாவளிப் பலகாரம், பொதுத்தேர்வு எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

தினமும் பதிவு போட வேண்டுமா?

இல்லை. வாரத்துக்கு ஒன்று, முழுமையாக. மாதத்தில் ஒரு வாரத்தைப் பழைய பதிவைத் திருத்த ஒதுக்குங்கள்.

சர்ச் கன்சோலில் இத்தனை எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

மாதம் ஒரு முறை இதை மட்டும் செய்யுங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' திறந்து கடைசி 3 மாதத்தைத் தேர்ந்து, சராசரி இடத்தையும் காட்டச் சொல்லுங்கள். 8-ஆம் இடத்திலிருந்து 20-ஆம் இடம் வரை உள்ள தேடல்களை வடிகட்டி, அதிக முறை காட்டப்பட்டவற்றை மேலே கொண்டுவாருங்கள். கூகுள் உங்களைப் பொருத்தமானவர் என்று ஒப்புக்கொண்டும், வாசகர் கண்ணில் படாத இடங்கள் இவை. புதுப் பதிவு எழுதுவதைவிட இவற்றை மேலேற்றுவது எளிது.

ஒரு தேடலைத் தட்டி, எந்தப் பக்கம் அதற்குக் காட்டப்படுகிறது என்று பாருங்கள். 'வேப்ப எண்ணெய் எத்தனை மில்லி' என்று தேடுகிறார்கள், உங்கள் பதிவில் அந்த அளவு பன்னிரண்டாவது பத்தியில் புதைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'வேப்ப எண்ணெய்க் கரைசல்: எவ்வளவு, எப்போது' என்று துணைத்தலைப்புப் போட்டு, அடுத்த வரியிலேயே '1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, எண்ணெய் கலப்பதற்குச் சில துளி காதி சோப்புக் கரைசல், மாலை வெயில் தாழ்ந்த பிறகு' என்று விடையைக் கொடுங்கள். விளக்கம் அதற்குப் பின்னால் வரட்டும். 4 வாரம் கழித்து, திருத்தத்துக்கு முந்தைய 4 வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

ஒரே தேடலுக்கு உங்கள் பக்கங்கள் இரண்டு மாறி மாறி வந்தால், வலுவானதில் மற்றதன் செய்தியைச் சேர்த்து, பலவீனமானதை அதற்குத் திருப்பிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் குழு தொடங்கவா, பிராட்காஸ்டா, சேனலா?

மூன்றும் மூன்று வேலை. குழுவில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் காலை வணக்கப் படங்கள் நுழைந்த பிறகு உங்கள் பதிவு அதில் மூழ்கிவிடும், உறுப்பினர் எண்களும் எல்லாருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போய்ச் சேரும். 'அனுப்பினேன், யாருக்கும் வரவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சேனல் 2023-இல் வந்தது. சேருபவருக்கு உங்கள் எண் தெரியாது, ஆள் கணக்குக்கு வரம்பு இல்லை, போட்ட செய்தி 30 நாள் இருக்கும்.

தொடங்குபவருக்குச் சேனலே போதும் என்பது எங்கள் கருத்து. வெறும் சுட்டியை வீசாதீர்கள். 'மொட்டு உதிர்கிறதா? தொட்டி மண்ணில் விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் இன்று தண்ணீர் வேண்டாம்' என்று பயன்படும் ஒரு துணுக்கைக் கொடுத்து, 'மற்ற 4 காரணங்கள் இங்கே' என்று சுட்டியை வையுங்கள். வாரம் 2 முறை போதும்.

வாட்ஸ்அப்பிலிருந்து வருபவர் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற வருகைக் கணக்குக் கருவியில் பெரும்பாலும் 'டைரக்ட்' (நேராக வந்தவர்) கணக்கில் விழுவார். எங்கிருந்து வந்தார் என்று தெரிய, சுட்டியின் முடிவில் யூடிஎம் குறிகளைச் சேர்த்து அனுப்புங்கள்.

சுட்டியை அனுப்பினால் படமும் தலைப்பும் வருவதில்லையே?

பகிரும்போது எந்தப் படம், எந்தத் தலைப்பு என்று சொல்லும் 'ஓபன் கிராஃப்' குறிகள் பக்கத்தில் இல்லை, அல்லது படம் கனமாக இருக்கிறது. 1200 × 630 பிக்சலில், 300 கேபிக்குள் ஒரு படம் வையுங்கள். அதில் தமிழ் எழுத்துப் போடுவதானால் நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம், கைபேசியில் கொசுவாகத் தெரியும். ஃபேஸ்புக்கில் பழைய படமே வந்துகொண்டிருந்தால், அதன் ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் முகவரியைப் போட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள். கூகுள் டிஸ்கவரில் (கைபேசியில் தேடாமலே கூகுள் காட்டும் பதிவு வரிசை) பெரிய படமாக வர 1200 பிக்சல் அகலம் தேவை.

மின்மடலைத் தமிழ் வாசகர் திறப்பார்களா?

திறப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவர்கள்தான் திரும்பத் திரும்ப வருபவர்கள். ஃபேஸ்புக் பக்கம் முடங்கினாலும், கூகுளில் இடம் சரிந்தாலும் மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கையில் இருக்கும். இதை முதல் நாளிலேயே தொடங்கச் சொல்வோம்.

பிளாகரில் இருந்த பழைய 'மின்னஞ்சலில் பெறுக' பெட்டி ஃபீட்பர்னரை நம்பி ஓடியது, 2021 ஜூலையில் அந்தச் சேவையை நிறுத்தினார்கள். உங்கள் தளத்தில் இன்னும் அது இருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் முகவரி கொடுப்பவருக்கு எதுவும் போகாது. வேறொரு மின்மடல் சேவையின் படிவத்தைப் பொருத்துங்கள். 'சந்தா சேருங்கள்' என்பதைவிட 'எந்தப் பட்டத்தில் எந்தக் காய்கறி, ஒரு பக்க அட்டவணை. அச்சிட்டு மாட்டிக்கொள்ளலாம்' என்று ஏதாவது கையில் கொடுத்தால் சேருவார்கள். படிவத்தைப் பதிவின் நடுவில், விடை கிடைத்த இடத்துக்கு அடுத்து வையுங்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கும் உண்டு. 102 கேபிக்கு மேல் போனால் ஜிமெயில் மடலை நடுவில் வெட்டி, 'முழுதும் காண்க' என்று காட்டும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் ஆங்கில மடலைவிட வெகு சீக்கிரம் அந்த எல்லையைத் தொடுவோம். வெட்டுப்படும் பகுதியில்தான் விலகும் சுட்டியும் இருக்கும். அது கிடைக்காதவர் 'ஸ்பாம்' பொத்தானை அழுத்துவார். முழுப் பதிவையும் மடலில் ஒட்டாமல் இரண்டு மூன்று பத்தியோடு நிறுத்துங்கள். சொந்த டொமைனிலிருந்து அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் (மடலை அனுப்பியது நீங்கள்தான் என்று உறுதிசெய்யும் பதிவுகள்) டிஎன்எஸ்ஸில் போடுங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் கண்டிப்பாக இருக்கிறது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் இருக்க வேண்டுமா?

ஒன்றில் ஒழுங்காக இருங்கள். யூடியூப் ஷார்ட்ஸின் விளக்கத்திலும் பின்னூட்டத்திலும் உள்ள சுட்டிகள் 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து தட்டினால் திறப்பதில்லை, ஆகவே அதை நம்பி வாசகரைக் கொண்டுவர முடியாது. இன்ஸ்டாகிராம் பதிவிலும் அதே நிலை. கோலம், தையல், சமையல் போன்றவற்றுக்குப் பின்டரெஸ்ட் நன்றாக வேலை செய்யும்: 1000 × 1500 பிக்சல் நெடுக்குப் படம். ஃபேஸ்புக்கில் உங்கள் பக்கத்தைவிடத் தோட்டக் குழுக்களில் பலன் அதிகம். கேட்டவருக்கு முழு விடையையும் அங்கேயே எழுதுங்கள். படத்தோடு விளக்கம் தேவைப்படும் இடத்தில் மட்டும், குழுவின் விதி அனுமதித்தால், சுட்டி கொடுங்கள்.

காசு கொடுத்து 'பூஸ்ட்' செய்தால் பயனுண்டா?

பதிவை பூஸ்ட் செய்தால் கிளிக் வரும், வாசகர் வருவது அரிது. கணக்கைக் கிளிக்கில் போடாதீர்கள், மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்த ஆளுக்கு எவ்வளவு ஆயிற்று என்று பாருங்கள். 500 ரூபாய்க்கு 400 கிளிக் வந்து 5 பேர் சேர்ந்தால், கிளிக் ஒன்றேகால் ரூபாய்தான், ஆனால் வாசகர் ஒருவருக்கு 100 ரூபாய். மின்மடலில் சேருபவருக்குக் கொடுக்கும் அந்தப் பட்ட அட்டவணையின் பக்கத்துக்கே நேராக விளம்பரம் வைத்து, இந்த எண் இறங்குகிறதா என்று சிறு தொகையில் சோதித்துப் பார்த்த பிறகு தொடருங்கள்.

பின்னிணைப்பு (பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் சுட்டி) வாங்கித் தருகிறோம் என்று மடல் வருகிறதே?

அழித்துவிடுங்கள். இடம் பிடிப்பதற்காகச் சுட்டியைக் காசுக்கு வாங்குவது கூகுளின் விதிக்கு எதிரானது. தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் சுட்டியைச் செருகுவதிலும் பயனில்லை: அங்குள்ள வெளிச்சுட்டிகளைத் தேடுபொறி கணக்கில் எடுக்க வேண்டாம் என்றே குறித்திருக்கிறார்கள், தொகுப்பாளர்களும் நீக்கிவிடுவார்கள். மற்றவர் தாமாகச் சுட்ட வேண்டுமானால், அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்க வேண்டும். பயிர்களைப் பற்றிய பொதுவான செய்திகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் தளத்திலேயே விரிவாக இருக்கின்றன. '12 அங்குலப் பையில் எந்தக் காய் எத்தனை செடி' என்று நீங்களே வளர்த்து அளந்து போடும் அட்டவணை அபூர்வமானது, அதைச் சுட்டுவார்கள்.

ஆங்கிலப் பதிவுகளை இயந்திரத்தில் மொழிபெயர்த்து நிறையப் போடலாமா?

கூடாது. எண்ணிக்கைக்காகக் குவிக்கும் பக்கங்களுக்கு எதிராகக் கூகுள் 2024 மார்ச்சில் விதியை இறுக்கியது. தளம் முழுவதுமே அடிபடலாம். அதற்கும் மேலாக, பனி விழும் நாட்டுக்கு எழுதிய நடவு மாதத்தை நம்பிச் சேலத்தில் ஒருவர் விதை போட்டால், அந்தச் செடி வாடும். அதன் பிறகு அவர் உங்களிடம் வர மாட்டார்.

என் பதிவை அப்படியே நகலெடுத்து ஃபேஸ்புக்கிலும் வேறு தளத்திலும் போடுகிறார்கள். என்ன செய்வது?

முதலில் திரைப்பிடிப்பு எடுத்து, இரு பக்கங்களின் முகவரியையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். தளம் என்றால் அதன் உரிமையாளருக்கு ஒரு மடல் அனுப்பிச் சில நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் கூகுளின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில், நகலான பக்கம் ஒவ்வொன்றின் முகவரியையும் தனித்தனியாகக் கொடுங்கள். முகப்புப் பக்கத்தை மட்டும் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். ஃபேஸ்புக்குக்குத் தனிப் படிவம் இருக்கிறது, அதிலும் குறிப்பிட்ட இடுகையின் முகவரி வேண்டும். இனி எழுதும் பதிவுகளில் உங்கள் மற்ற பதிவுகளுக்கு முழு முகவரியோடு சுட்டி கொடுங்கள், தானியங்கியாக நகலெடுப்பவர் அவற்றையும் சேர்த்தே கொண்டுபோவார். படங்களில் தளத்தின் பெயரை ஓரத்தில் வைக்காதீர்கள், வெட்டிவிடுவார்கள். செடியின் மேலேயே மெலிதாக விழும்படி வையுங்கள்.